வெறுக்க முடியாத மகள்: ஜப்பானியக் குணச்சித்திர நடிகை சுகிமுரா ஹாருகோ

முன்னுரை

ஒரு திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது கதாநாயகன், கதாநாயகியின் பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அத்தையாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் கடைக்காரியாகவும் வந்து போனவரின் முகம் நினைவில் நிற்கும், பெயர் நிற்காது. இத்தகைய வேடங்களை ஏற்பவரைத் தமிழில் 'குணச்சித்திர நடிகர்' என்கிறோம். ஒரு மனிதரின் குணத்தைச் சித்திரமாகத் தீட்டிக் காட்டுபவர் என்பது அச்சொல் தரும் பொருள். அருமையான சொல்தான். ஆனால் நடைமுறையில் 'துணை நடிகர்' என்பதை மரியாதையாகச் சொல்வதற்கே அதனைப் பயன்படுத்தி வருகிறோம்.

அச்சொல்லின் முழுப் பொருளுக்கும் உரியவராக ஜப்பானில் வாழ்ந்து மறைந்தவர் சுகிமுரா ஹாருகோ. ஜப்பானியர் வழக்கப்படி குடும்பப் பெயரை முன்னே வைத்து எழுதினால் சுகிமுரா என்பது குடும்பப் பெயர்; ஹாருகோ என்பது அவருடைய பெயர். நாடக மேடையில் அவர் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தலைமை நடிகையாகத் திகழ்ந்தார். திரையில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சிறு வேடங்கள்: கல்யாணம் பேசும் அத்தை, வாயாடும் அண்டை வீட்டுக்காரி, கணக்குப் பார்க்கும் மூத்த மகள். ரசிகர்கள் எளிதில் வெறுத்துவிடக்கூடிய ஒரு பெண்ணை, வெறுத்து ஒதுக்கிவிட முடியாதபடி ஒரு நடிகை எப்படிக் காட்டுகிறார்? அவருடைய வாழ்க்கையையும் சில வேடங்களையும் கொண்டு இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹிரோஷிமாவிலிருந்து ஒரு குரல்

சுகிமுரா 1906ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் ஹிரோஷிமா நகரில் பிறந்தார். 1909 என்று குறிப்பிடும் நூல்களும் உண்டு. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவரை மரவணிகம் செய்துவந்த ஒரு குடும்பம் தத்தெடுத்து வளர்த்தது. பாட்டில் அவருக்கு ஆர்வம் மிகுதி. தோக்கியோ இசைப் பள்ளியில் சேர விரும்பி நுழைவுத் தேர்வு எழுதினார், தேர்ச்சி பெறவில்லை. மறுமுறையும் முயன்றார், அப்போதும் இடம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பி, ஒரு பெண்கள் பள்ளியில் இசை கற்பிக்கும் வேலையில் அமர்ந்தார்.

அந்நாளில் ஜப்பானில் 'ஷிங்கெகி' எனப்பட்ட புதிய நாடக இயக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. கபுக்கி போன்ற மரபு நாடகங்களில் பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்பர். ஷிங்கெகியோ இப்சன், செக்கோவ் போன்ற ஐரோப்பிய நாடகாசிரியர்களின் வழியில் இயல்பான பேச்சையும் அன்றாட மனிதர்களையும் மேடைக்குக் கொண்டு வந்தது. பெண் வேடங்களைப் பெண்களே ஏற்றனர். இவ்வியக்கத்தின் இருப்பிடமாக 1924ஆம் ஆண்டு தோக்கியோவில் தொடங்கப்பட்டது சுகிஜி சிறு நாடக அரங்கம். அதன் குழுவினர் ஹிரோஷிமாவுக்கு வந்து நடித்ததைக் கண்ட இளம் ஆசிரியை, வேலையை விட்டுவிட்டு 1927ஆம் ஆண்டு அக்குழுவைத் தேடித் தோக்கியோவுக்குச் சென்றார்.

அங்கே அவருக்குத் தடையாக நின்றது அவருடைய பேச்சு. ஹிரோஷிமா வட்டார வழக்கு அவர் நாவில் ஊறியிருந்தது. மேடைக்கு வேண்டியதோ தோக்கியோவின் பொது வழக்கு. ஆகவே அவருக்கு முதலில் கிடைத்தது ஆர்கன் வாசிக்கும் பெண்ணின் வேடம். அதில் வசனம் கிடையாது. ஊர்ப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு நகரத்துப் பேச்சைக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை அவருக்கு. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இது பயன்படும்.

குண்டு மழைக்கிடையே ஒரு நாடகம்

1937ஆம் ஆண்டு 'புங்காகுசா' என்ற நாடகக் குழு தோன்றியது. 'இலக்கிய அரங்கம்' என்பது அப்பெயரின் பொருள். எழுத்தாளர்கள் கிஷிடா குனியோ, குபோட்டா மந்தாரோ, இவாத்தா தோயோ ஆகிய மூவர் அதனைத் தொடங்கினர். குழுவின் முன்னணி நடிகராக இருக்க வேண்டிய தொமோடா கியோசுகே அதே ஆண்டு போருக்கு அழைக்கப்பட்டுச் சீனாவில் உயிரிழந்தார். அவருடைய மனைவியும் புகழ்பெற்ற நடிகையுமான தமுரா அக்கிகோ குழுவிலிருந்து விலகினார். முப்பது வயதைத் தாண்டியிருந்த சுகிமுராவின் தோளில் குழுவின் பாரம் விழுந்தது. அதன்பின் அறுபது ஆண்டுகள், இறக்கும் வரை, அவர் புங்காகுசாவை விட்டு விலகவில்லை. 1963ஆம் ஆண்டில் மட்டும் அக்குழு இருமுறை பிளவுபட்டது. முதலில் அகுத்தகாவா ஹிரோஷி, கிஷிடா கியோகோ முதலிய நடிகர்கள் வெளியேறிப் புதிய குழு அமைத்தனர். ஆண்டின் இறுதியில் எழுத்தாளர் மிஷிமா யுக்கியோவும் வேறு சிலரும் பிரிந்தனர். அப்போதும் சுகிமுரா குழுவிலேயே இருந்தார்.

அவருடைய பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்த நாடகம் மொரிமோட்டோ கவோரு எழுதிய 'ஒரு பெண்ணின் வாழ்க்கை'. அது முதலில் மேடையேறியது 1945ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தோக்கியோவின் ஷிபுயா வட்டாரத்தில். அதற்கு ஒரு மாதம் முன்புதான், மார்ச் 10ஆம் நாள் நிகழ்ந்த வான்தாக்குதலில் நகரின் பரந்த பகுதியொன்று எரிந்து சாம்பலாகியிருந்தது. எந்த நேரத்திலும் அபாயச் சங்கு ஒலிக்கலாம் என்ற நிலையில் நடிகர்கள் நடித்தனர். மக்களும் வந்து பார்த்தனர். நான்கு மாதங்களில் சுகிமுரா பிறந்த நகரம் அணுகுண்டுக்கு இரையாயிற்று. நாடகாசிரியர் மொரிமோட்டோ காசநோயால் 1946ஆம் ஆண்டு 34 வயதில் மறைந்தார்.

கதையின் நாயகி நுனோபிக்கி கெய் ஓர் அநாதைச் சிறுமி. வணிகக் குடும்பமொன்றில் அடைக்கலம் பெறுகிறாள். இளைய மகனை விரும்பினாலும், வீட்டுத் தலைவியின் விருப்பப்படி மூத்த மகனை மணந்து, குடும்பத் தொழிலைத் தாங்கும் இரும்பு மனுஷியாக மாறுகிறாள். தொழில் வளர்கிறது, அவளோ தனிமைப்படுகிறாள். சிறுமி முதல் முதியவள் வரை எல்லா வயதையும் சுகிமுரா ஒருவரே நடித்தார். 1990ஆம் ஆண்டுக்குள் அவ்வேடத்தை அவர் 900 முறைக்கு மேல் ஏற்றிருந்தார். முதலில் நடித்தபோது அவர் வயது 39, இறுதியில் 84. பொறுப்பைச் சுமக்கும் பெண் ஏன் கடுமையானவளாகிறாள் என்பதை அத்தனை ஆண்டுகள் மேடையில் ஆராய்ந்தவர் அவர். திரையில் அவர் ஏற்ற வேடங்களைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

ஓசுவின் படங்களில்

உலகத் திரைப்பட மேதைகளில் ஒருவராகப் போற்றப்படும் இயக்குநர் ஓசு யசுஜிரோ 1949 முதல் 1962 வரை எடுத்த படங்களில் ஒன்பதில் சுகிமுரா நடித்தார். ஓசுவின் பெயர் நம் வட்டாரத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று. போர்க்காலத்தில், 1943ஆம் ஆண்டு, ஜப்பானிய இராணுவம் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. தமிழர்கள் பெருமளவில் சேர்ந்திருந்த இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றியும் இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றியும் படமெடுப்பது அவருக்கு இடப்பட்ட பணி. அப்படம் முடியவில்லை, கைவிடப்பட்டது. ஜப்பான் சரணடைந்த பின் சிங்கப்பூரில் தடுத்து வைக்கப்பட்டிருந்த அவர் 1946ஆம் ஆண்டு நாடு திரும்பினார். அதன்பின் அவர் எடுத்த படங்களில் போர்க்களம் இல்லை; வீடு இருக்கிறது. மகளுக்குத் திருமணம், வயதான பெற்றோர், பிரியும் குடும்பம் ஆகியவையே அவருடைய கதைகள். கேமராவைத் தரைக்கு அருகில் அசையாமல் வைத்து, நடிகர்களின் ஒவ்வோர் அசைவையும் அளந்து படமாக்குவது அவர் வழக்கம். இத்தகைய கட்டுப்பாட்டுக்குள்ளும் சுகிமுராவின் பாத்திரங்கள் துடிப்போடு உலவின.

மூன்று சிறு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். 'பின் வசந்தம்' (1949) படத்தில் அவர் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் அத்தை. காமக்குரா நகரின் கோயில் வளாகத்தில் கீழே கிடந்த பணப்பையை எடுக்கிறார். நல்ல சகுனம், கல்யாணம் கூடிவிடும் என்று மகிழ்ந்து அதை மடியில் செருகிக்கொள்கிறார். பக்கத்தில் போலீஸ்காரர் தென்பட்டதும் நடை வேகமாகிறது. அவ்வளவுதான் காட்சி. பேராசை, மூடநம்பிக்கை, பாசம் மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அது காட்டிவிடுகிறது.

'முன்கோடை' (1951) படத்தில் மனைவியை இழந்த மருத்துவரின் தாய் அவர். உங்களைப் போன்ற பெண் என் மகனுக்கு வாய்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பக்கத்து வீட்டு நோரிகோவிடம் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். நடக்காத ஒன்றைக் கனவாகச் சொல்வதுபோல் சொல்கிறார். நோரிகோ அந்த இடத்திலேயே சம்மதிக்கிறாள். தாயால் நம்ப முடியவில்லை, திரும்பத் திரும்பக் கேட்கிறார், கண்ணீர் விடுகிறார், என்ன செய்வதென்று தெரியாமல், பயறு வைத்த ரொட்டி சாப்பிடுகிறாயா என்று கேட்கிறார். சிரிப்பும் அழுகையும் நமக்கு ஒன்றாக வருகின்றன.

ஓசுவின் கடைசிப் படமான 'சன்மா மீனின் சுவை' (1962) படத்தில் சுகிமுரா வருவது சில நிமிடங்களே. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரின் மகள். தந்தையைக் கவனித்துக்கொள்வதற்காகத் திருமணம் செய்துகொள்ளாமல் சிறிய நூடுல்ஸ் கடையில் காலம் கழித்தவள். குடித்துவிட்டு வரும் தந்தையைப் பழைய மாணவர்கள் வீட்டில் கொண்டு வந்து விடுகின்றனர். முகத்தில் எரிச்சலோடு அவர்களை வழியனுப்புகிறாள். பிறகு, போதையில் கிடக்கும் தந்தையின் அருகே முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். கதாநாயகனாகிய இன்னொரு தந்தை தன் மகளின் வாழ்க்கையைப் பற்றி யோசிக்கத் தொடங்குவதற்கு இந்த வீடே காரணமாகிறது.

ஷிகே என்னும் மூத்த மகள்

இனி, சுகிமுராவின் திரை வேடங்களில் உலகெங்கும் அறியப்பட்ட வேடத்துக்கு வருவோம். 'தோக்கியோ கதை' 1953ஆம் ஆண்டு வெளிவந்தது. 2012ஆம் ஆண்டு பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய வாக்கெடுப்பில் உலக இயக்குநர்கள் அப்படத்தை முதலிடத்தில் வைத்தனர். கதை மிக எளிது. ஹிரோஷிமா மாநிலத்தின் ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து ஒரு முதிய தம்பதி பிள்ளைகளைப் பார்க்கத் தோக்கியோ செல்கின்றனர். மூத்த மகன் கோய்ச்சி மருத்துவர். மூத்த மகள் ஷிகே வீட்டிலேயே அழகு நிலையம் நடத்துகிறாள். இருவருக்கும் நேரமில்லை. போரில் இறந்த இன்னொரு மகனின் மனைவி நோரிகோ மட்டுமே மாமனார் மாமியாரை அன்போடு கவனிக்கிறாள். ஊர் திரும்பியதும் தாய் இறந்துவிடுகிறாள்.

ஷிகேயாக நடித்தவர் சுகிமுரா. அவள் செய்வதையெல்லாம் வரிசைப்படுத்தினால் மிகக் கொடிய மகள் என்றே தோன்றும். பெற்றோருக்காகக் கணவன் வாங்கி வந்த இனிப்புக்கு, இவ்வளவு விலையில் எதற்கு என்று கடிந்துகொள்கிறாள். பிறகு அதில் ஒன்றைத் தானே தின்கிறாள். அவர்கள் யார் என்று வாடிக்கையாளர் கேட்டதற்கு, ஊரிலிருந்து வந்திருக்கும் தெரிந்தவர்கள் என்கிறாள். அண்ணனோடு பணம் சேர்த்துப் பெற்றோரை அத்தாமி என்ற வெந்நீரூற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறாள். விடுதியின் இரைச்சல் தாங்காமல் அவர்கள் முன்னதாகவே திரும்பியதும் முகம் சுளிக்கிறாள். அன்றிரவு வீட்டில் தொழில் தொடர்பான கூட்டம். தாய்க்கு உடல்நிலை மோசம் என்று தந்தி வந்ததும், துக்க உடையை எடுத்துப்போவதா வேண்டாமா என்று அண்ணனிடம் கேட்கிறாள். ஈமச்சடங்கு முடிந்து உணவு உண்ணும்போதே தாயின் கோடைக்கால இடைப்பட்டையை நினைவுப் பொருளாகக் கேட்கிறாள். அன்றிரவே இரயிலேறுகிறாள்.

இத்தனைக்குப் பிறகும் ஷிகேயை வில்லி என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. அதற்குக் காரணம் சுகிமுராவின் நடிப்பு. ஷிகே தவறு செய்கிறோம் என்று தெரிந்து செய்பவளாக அவர் எந்த இடத்திலும் நடிக்கவில்லை. விலையுயர்ந்த இனிப்பு வேண்டாம் என்பதும் துக்க உடையை எடுத்துப்போவதும் அவளைப் பொறுத்தவரை புத்திசாலித்தனம். கடை நடத்துபவளின் மனம் எப்போதும் அடுத்த வேலையைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. குரலில் குரோதம் இல்லை, அவசரம் இருக்கிறது. தாயின் படுக்கையருகே வாய்விட்டு அழுபவளும் அவளே. அந்த அழுகை நடிப்பன்று, உண்மையான துக்கம். கண்ணைத் துடைத்தவுடன் அடுத்த காரியத்தைப் பேசத் தொடங்குவதும் உண்மை. முதலைக் கண்ணீராக அதைக் காட்டியிருந்தால் நாம் நிம்மதியாக வீடு திரும்பியிருப்போம். இரண்டையும் உண்மையாகக் காட்டியதால்தான் நமக்குச் சங்கடம் உண்டாகிறது.

இங்கே முன்பு சொன்ன செய்தியை நினைவுகூரலாம். படத்தில் பெற்றோர் ஒனோமிச்சிப் பேச்சு பேசுகின்றனர். தோக்கியோவில் வாழும் ஷிகே நகரத்துப் பேச்சு பேசுகிறாள். அதே ஹிரோஷிமா மண்ணில் பிறந்து, ஊர்ப் பேச்சை ஒதுக்கிவிட்டுத் தோக்கியோவில் தொழில் கற்றவர் சுகிமுரா. ஷிகே எதைக் கொடுத்து எதைப் பெற்றாள் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்னொரு வியப்பும் உண்டு. தந்தையாக நடித்த ரியூ சிஷு 1904ஆம் ஆண்டு பிறந்தவர். மகளைவிட இரண்டு வயதுகூட முழுதாக மூத்தவரல்லர். அதே 1953ஆம் ஆண்டில்தான் டென்னசி வில்லியம்ஸ் எழுதிய 'ஆசை என்னும் டிராம் வண்டி' நாடகத்தில் நாயகி பிளான்ஷ் வேடத்தைப் புங்காகுசா மேடையில் ஏற்றார் சுகிமுரா. மேடையில் மனமுடைந்து நொறுங்கும் நாயகி. திரையில் நொறுங்க நேரமில்லாத மகள்.

படத்தின் இறுதியில் இளைய மகள் கியோகோ, அக்காவின் சுயநலத்தை நினைத்துக் கொதிக்கிறாள். அவளைச் சமாதானப்படுத்துபவள் நோரிகோ. வயது ஏற ஏற ஒவ்வொருவருக்கும் தன் வாழ்க்கை என்று ஒன்று வந்துவிடுகிறது, அக்காவுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது என்கிறாள் அவள். வசனமாக மட்டும் கேட்டால் இது வெறும் சமாதானம். சுகிமுராவின் ஷிகேயைப் பார்த்த பின் கேட்டால் உண்மை.

கந்துவட்டிக்காரி முதல் விடுதித் தலைவி வரை

மற்ற இயக்குநர்களும் அவரிடம் இதே ஆற்றலைத் தேடி வந்தனர். நருசே மிக்கியோவின் 'பிந்திய சாமந்திகள்' (1954) அவருக்குத் திரையில் கிடைத்த அரிய தலைமை வேடம். முன்னாள் கெய்ஷாவான கின், வட்டிக்குப் பணம் கொடுத்து வாழ்கிறாள். பழைய தோழிகளிடமும் கறாராக வசூலிக்கிறாள். ஒரு காலத்தில் நேசித்தவன் வருகிறான் என்றதும் அவள் முகம் இளமையாகிறது. அவனும் கடன் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் அந்த ஒளி அணைகிறது. அவனுடைய பழைய புகைப்படத்தை எரித்துவிடுகிறாள்.

குரோசாவா அக்கிராவின் 'செந்தாடி' (1965) படத்தில் சிறுமியை வதைக்கும் விபசார விடுதித் தலைவி வேடம். அச்சிறுமியை மீட்டுச் செல்ல மருத்துவமனைக்கு வரும் அவளைச் சமையற்கட்டுப் பெண்கள் முள்ளங்கியால் அடித்து விரட்டுகின்றனர். நடிக்கத் தெரியாதவரை 'முள்ளங்கி நடிகர்' என்று கேலி செய்வது ஜப்பானிய வழக்கு. நாட்டின் தலைசிறந்த நடிகை முள்ளங்கியால் அடி வாங்கும் காட்சியை அக்காலத்து ரசிகர்கள் எப்படிச் சுவைத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பதக்கத்தைச் சுமக்காத மேடை

1974ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு அவரைப் 'பண்பாட்டுத் தொண்டர்' எனச் சிறப்பித்தது. 1995ஆம் ஆண்டு, நாட்டின் கலை இலக்கியத் துறையில் மிக உயரியதான பண்பாட்டு விருதை அளிக்க முன்வந்தது. சுகிமுரா அதனை ஏற்க மறுத்துவிட்டார். தாம் இன்னும் நடித்துக்கொண்டிருப்பவர், பதக்கத்தைச் சுமந்துகொண்டு மேடையேற விருப்பமில்லை என்பது அவர் கூறிய காரணம். பணிவாகத் தோன்றும் இம்மறுப்பில் ஒரு தொழில் நெறி இருக்கிறது. 'நாட்டின் மாமேதை' என்ற பட்டத்தோடு வரும் ஒருவரால் கீழே கிடக்கும் பணப்பையை எடுத்து மடியில் செருகும் அத்தையாக முடியாது. பார்ப்பவர் அத்தையைப் பார்க்கமாட்டார், பதக்கத்தைப் பார்ப்பார்.

அதே ஆண்டு வெளிவந்த 'பிற்பகலின் உயில்' அவருடைய கடைசிப் படம். அவரைப் போலவே ஹிரோஷிமாக்காரரான ஷிண்டோ கானெத்தோ அதனை இயக்கினார். கோடை வீட்டுக்கு ஓய்வெடுக்க வரும் முதிய மேடை நடிகை வேடத்தில், கிட்டத்தட்டத் தம்மையே நடித்தார் சுகிமுரா. உடன் நடித்த ஒத்தோவா நோபுகோ, படம் வெளிவருமுன் 1994ஆம் ஆண்டு இறுதியில் மறைந்தார். சுகிமுரா 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் 91ஆம் வயதில் காலமானார்.

அவர் விட்டுச்சென்றதில் ஒரு குருமரபும் அடங்கும். 1961ஆம் ஆண்டு புங்காகுசாவில் பயிற்சி நடிகையாகச் சேர்ந்து, சுகிமுராவுக்கு உதவியாளராகவும் இருந்த இளம்பெண்ணொருவர் பின்னாளில் கிக்கி கிரின் என்ற பெயரில் ஜப்பானின் தலைசிறந்த குணச்சித்திர நடிகைகளுள் ஒருவரானார். 2018ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'கடைத்திருடர்கள்' படத்தின் பாட்டி அவர்தாம். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் மறைந்தார். யோமியுரி நாளிதழின் நாடக விருதுகளில் 1998 முதல் 'சுகிமுரா ஹாருகோ பரிசு' என ஒன்று வழங்கப்படலாயிற்று. அது மூத்த கலைஞர்களுக்குரியதன்று, புதுமுகங்களுக்கு உரியது. மேடையில் வசனமே இல்லாத வேடத்தில் தொடங்கியவரின் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் இருக்க முடியாது.

முடிவுரை

வெறுக்கத்தக்க பெண்ணை வெறுக்க முடியாதபடி காட்டுவது எப்படி என்று தொடக்கத்தில் கேட்டோம். சுகிமுராவின் வேடங்கள் தரும் விடை இது: பாத்திரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல், அதன் பக்கம் நின்று, அதற்குரிய நியாயங்களோடு நடிப்பது. தீர்ப்பைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுவது. பார்ப்பவரோ தீர்ப்பெழுதத் தொடங்கும்போது, குற்றவாளிக் கூண்டில் தம் முகத்தையே காண்கிறார்.

இதைப் படிக்கும் நம்மில் பலர் சிற்றூர்களையும் தோட்டப்புறங்களையும் விட்டுப் படிப்புக்காகவும் வேலைக்காகவும் நகரத்துக்கு வந்தவர்கள். நம்மை நோரிகோவாக நினைத்துக்கொள்வது எளிது. ஆனால் அம்மாவின் அழைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்ட நாள், விடுதிக்கு வந்த அப்பாவை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தத் தயங்கிய கணம், விடுமுறைக்கு ஊருக்குச் சென்று இரண்டாம் நாளே திரும்பிய அவசரம் ஆகியவை எல்லாம் ஷிகேக்குரியவை. அவளிடமும் கெட்ட எண்ணம் இல்லை, நேரந்தான் இல்லை. 'தோக்கியோ கதை'யைப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் கதாநாயகியை விட்டுவிட்டு, ஒரு முறையேனும் அந்த மூத்த மகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். அவள் இரயிலேறிய பின்னும் ஒனோமிச்சியில் தந்தை தனியாக உட்கார்ந்திருக்கிறார்.